தண்ணி பாத்தாச்சு

தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குத் தபால்காரர் காரணம் இல்லை, நான்தான். உன் கல்யாணப் பத்திரிகையில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாய். இரண்டு சந்திப்பிழை இருந்தது, திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழ் டீச்சர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போனால் ஸ்டாஃப் ரூமில் என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். மண்டபம், சமையல், மருமகளுக்குச் சேலை எல்லாம் முடிந்தது. அதெல்லாம் அன்றைக்கே எழுதியிருக்கலாம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பதில் எழுத முடியவில்லை. "பத்திரிகை கொடுக்கிற லிஸ்டில் சோலை மாமா பேரைக் காணோமே, அப்பா மறந்துட்டாரா?" என்று கேட்டிருந்தாய். அப்பா மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டார். அவர் விட்டதற்குக் காரணம் நான். அது உனக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கல்யாணம் முடிந்து நீயும் மருமகளும் ஓசூருக்குக் கிளம்பும்போது நம் அம்பாசிடரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அப்பா. கண்ணில் புரை விழுந்த பிறகு சாயங்காலம் ஓட்டுவதற்கு அவருக்கே பயம், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார், "பையன் ஆசைப்படுறான்" என்று உன் தலையில் கட்டுகிறார். வண்டி உன் கைக்கு வருவதால் அதற்குத் தண்ணீர் பார்ப்பது எப்படி என்று நான்தான் சொல்லித்தர வேண்டும். உன் அப்பாவுக்குத் தெரியாது. சோலை அண்ணன் பெயர் லிஸ்டில் இல்லாமல் போனதும் இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலையில், என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது பார்க்க வேண்டும். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடு. கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் ஆட்டிப் பார், ஒருமுறை என் தலையிலேயே இறங்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடிமேல் பழைய வேட்டித் துணியைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் திருகு. பாதியில் ஓரிடத்தில் நிற்கும். நின்றதும் காதைக் கொடு. உஸ்ஸென்று சத்தம் வந்தால் இன்னும் சூடு இருக்கிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிட்டுப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வா. சத்தம் இல்லையென்றால் இன்னொரு தரம் அழுத்தித் திருகி எடு. உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிய வேண்டும். தகடு தெரிந்தால் குறைச்சல், ஊற்ற வேண்டும். அதற்காகக் கழுத்து வரைக்கும் ஊற்றாதே. சூடேறினால் தண்ணீர் பெருகும், ஒரு விரல் அளவு இடம் விடு. எல்லாவற்றையும்விட முக்கியம், சூடாக இருக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது.

ஊற்றுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நம் வீட்டு போர் தண்ணீரில் பருப்பே வேகாது, வெந்நீர் அண்டாவின் அடியில் உப்பு எப்படிப் படிந்து கிடக்கும் என்று உனக்குத் தெரியும். ரேடியேட்டருக்குள்ளும் அப்படித்தான் படியும். அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு செம்பு காருக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாள் என்று தெருவில் பேச்சு வந்தது, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் கம்பெனி கார்களில் பச்சை நிறத்தில் கூலண்ட் என்று ஏதோ ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நம் வண்டிக்கு அது ஆகுமா என்று அங்கே ஒரு நல்ல மெக்கானிக்கைக் கேட்டுக்கொள். எதை ஊற்றினாலும் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்கிற வேலை மட்டும் மாறாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சோலை அண்ணன். வக்கீலான உன் அப்பா வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் குனியமாட்டார் என்பது முதல் வாரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "டீச்சரம்மா, இந்த வீட்ல வண்டிய நீங்கதான் பாக்கணும் போலருக்கு" என்று என் கையில் துணியைக் கொடுத்தார். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். ஸ்டாஃப் ரூமில் 'மெக்கானிக் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள், அதுவும் பிடித்துத்தான் இருந்தது. சோலை அண்ணன் ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் இரண்டு கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தார். அப்பா சொல்லித்தான் கோர்ட் வக்கீல்மாருடைய கார்களெல்லாம் அங்கே போயின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் சோலை அண்ணன் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், இருவரும் அரசியல் பேசியே என் இட்லியைக் காலி செய்வார்கள். யானைமலை அடிவாரத்தில் உனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நீ பனைமரத்தில் மோதப் போனதை இன்றுவரை அப்பாவிடம் சொல்லாமல் காப்பாற்றியவரும் அவர்தான்.

தினமும் காலையில் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு குரல் கொடுப்பார்: "டீச்சர், தண்ணி பாத்தாச்சா?" நான் அடுப்படியிலிருந்து, "பாத்தாச்சு" என்பேன். அவ்வளவுதான். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தோன்றா எழுவாய் நடத்துவேனே, நினைவிருக்கிறதா? வாக்கியத்தில் வேலை மட்டும் தெரியும், செய்த ஆள் தெரியமாட்டார். பார்த்தாச்சு, போட்டாச்சு, சொல்லியாச்சு என்று நம் வீடுகளில் பாதி வாழ்க்கை அப்படித்தான் ஓடுகிறது. யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அன்றாடம் நானே பார்த்ததால் எனக்கும் அது உறுத்தவில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், மே மாதம். நீ திருச்சி ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். மேலூரில் உன் சின்ன அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம், பெரிய அத்தையையும் ஏற்றிக்கொண்டு காரில் போவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் சோலை அண்ணன் வண்டியை சர்வீஸ் செய்து கொண்டுவந்து விட்டார். அப்பா வீட்டில் இல்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "ரேடியேட்டரக் கழட்டிக் கழுவி, புது ஹோஸ் போட்ருக்கேன் டீச்சரம்மா. ரொப்பித்தான் விட்ருக்கேன், ஆனா உள்ள காத்து நிக்கும். இம்புட்டுத் தூரம் ஓடுனதுல தண்ணி எறங்கிரும். காலைல மறக்காமப் பாத்து ஊத்திட்டு எடுங்க" என்று தெளிவாகச் சொன்னார். "சரிண்ணே" என்றேன்.

காலையில் நான் புதுப் பட்டுச்சேலை கட்டியிருந்தேன், மாம்பழக் கலரில் அரக்கு பார்டர், உனக்குத் தெரியும். பெரிய அத்தை ஆறு மணிக்கே வந்து, "இன்னுமா கெளம்பல" என்று நடையாய் நடக்கிறாள். கார் பக்கம் போனேன். பானெட்டில் கையை வைத்தேன். சேலையைப் பார்த்தேன். நேற்றுத்தானே சர்வீஸ் ஆகியிருக்கிறது, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன். அப்பா கேட்டார். பாத்தாச்சு என்றேன். சொன்னபோது கொஞ்சம்கூட உறுத்தவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒத்தக்கடை தாண்டி நாலைந்து மைல் போயிருப்போம், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட வயல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. பெரிய அத்தை சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தாள். அப்பா பத்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. ஈரத் துண்டைப் போட்டு மூடியைத் திருகினார், வெந்நீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது, நல்லவேளை துள்ளி விலகிவிட்டார். அந்த வெறியில் பக்கத்து பம்புசெட்டிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வண்டி கிளம்பவே இல்லை. பஸ்ஸில் வந்த யாரிடமோ சொல்லியனுப்பி, சோலை அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "என்ஜின் ஹெட்டு வெடிச்சுப்போச்சுங்கய்யா" என்றார்.

அப்பா நடுரோட்டில் கோர்ட்டை நடத்த ஆரம்பித்தார். "நேத்துத்தான சர்வீஸ் பண்ணுன? தண்ணி ரொப்புனியா இல்லியா?"

"ரொப்பித்தாங்கய்யா விட்டேன். காலைல பாத்து ஊத்துனீங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், காலைல தண்ணி பாத்தாச்சுல்ல?"

சோலை அண்ணனும் என்னைப் பார்த்தார். பெரிய அத்தையும் பார்த்தாள். நான், "பாத்தாச்சு" என்றேன்.

"காலைல தண்ணி இருந்திருக்கு. இங்க வரக்குள்ள இல்ல. அப்ப நீ ஹோஸ ஒழுங்கா மாட்டல. அதான?" என்றார் அப்பா. சோலை அண்ணன் அந்த ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் கசியவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் நிமிராமல், "இருக்கும்ங்கய்யா" என்றார். "இனிமே என் வண்டியத் தொடாத. என் வீட்டு வாசப்பக்கமும் வராத" என்று அப்பா சொன்னதை நான் ஒரு கையில் பூத்தட்டும் மறு கையில் சேலைத் தலைப்புமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் பிடித்து நாங்கள் மேலூர் போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடித்திருந்தார்கள்.

அப்பா அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோர்ட்டிலும் போய்ச் சொன்னார், நாலு பேர் கேட்கும்படி சொன்னார். ஒன்றிரண்டு மாதத்தில் வக்கீல்மார் கார் ஒன்றுகூட ஒத்தக்கடைப் பக்கம் போகவில்லை. அடுத்த வருடம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், இரண்டு ஷெட்டில் ஒன்றை விட்டுவிட்டிருந்தார், இருந்த ஒன்றில் ஒரு டிராக்டர் மட்டும் நின்றது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. பொய் சொன்னேன் என்று நானே ஒத்துக்கொள்ளவில்லையே. 'நான் பார்த்தேன்' என்று சொன்னேனா? இல்லை. 'பாத்தாச்சு' என்றுதானே சொன்னேன். படித்த இலக்கணத்தை இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினேன் தம்பி. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தபிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனேன். ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆறு வருசமாச்சா டீச்சரம்மாவுக்கு வழி தெரிய" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. சோலை அண்ணன்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தலை முக்கால்வாசி நரைத்திருக்கிறது.

நாற்காலியில் உட்காராமலே, "அன்னைக்குத் தண்ணிய நான் பாக்கலண்ணே. நீங்க சொல்லிவிட்டதையும் அவர்கிட்டச் சொல்லல" என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா" என்றார். "நீங்க பாத்திருந்தா அந்தப் பட்டுச்சேலைல ஒரு பொட்டுக் கறையாச்சும் இருந்திருக்கும்ல. பழைய வீட்டுச் சேலைல பாத்தாலே கறையோடதான வருவீங்க."

"அப்பறம் ஏண்ணே அவர்கிட்டச் சொல்லல?"

"சொல்லிட்டு நான் சைக்கிள எடுத்துட்டுப் போயிருவேன். நீங்க அவுக அக்காளோடயும் அவுகளோடயும் மேலூர் போகணும், வரணும், அந்த வீட்லயே இருக்கணும். அதான் விட்டேன்" என்றார். கை துடைத்த துணியை மடித்துக்கொண்டே, "கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன். நெறயா இருந்துச்சு. நீங்க மறுநாளு வந்து சொல்லுவீகன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அழுதா ஆச்சா? இவரு கைய நம்பி வந்த வண்டியெல்லாம் போச்சு. அதச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

பத்திரிகையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரியாதவுககிட்டச் சொல்லுங்க டீச்சரம்மா. தம்பி கல்யாணப் பத்திரிகைய ஐயா கையால வாங்கிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஸ்பானர் அளவு சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, அப்பா தோசைக்கு உட்கார்ந்ததும் சொன்னேன். சட்டினியை வைத்துவிட்டுச் சொல்லலாமா, வைப்பதற்கு முன்னால் சொல்லலாமா என்று யோசித்தால் விட்டுப்போகும் என்று, கையில் கரண்டியோடேயே சொன்னேன். அவர் மூன்று கேள்வி கேட்டார், எல்லாம் குறுக்கு விசாரணை. சோலை முதல் நாள் சொன்னாரா? சொன்னார். நீ மூடியைத் திறந்தாயா? திறக்கவில்லை. ரோட்டில் நான் கேட்டபோது உனக்கு ஞாபகம் இருந்ததா? இருந்தது. அதற்குப் பிறகு தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. கட்சிக்காரர்களின் பொய்யை வாசலிலேயே மோப்பம் பிடிக்கிறவர், வீட்டுக்குள் இருந்ததைக் கவனிக்கவில்லையே என்ற வருத்தமும் இருந்திருக்கும். நான் பொறுத்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு இரண்டு நாள் குறைவுதான்.

புதன்கிழமை கோர்ட்டிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "சொல்லிட்டேன்" என்றார்.

"யார்கிட்ட? என்னன்னு?"

"எல்லார்கிட்டயும்தான். சோலையப் பத்தி நான் சொன்னது தப்பு, அன்னைக்குத் தண்ணி பாக்காம வண்டிய எடுத்தவன் நான்னு சொன்னேன்."

"நான்தானங்க பாக்கல?"

"ஓட்டுனவன் நான். ஒத்தக்கடையிலயே சூடு காட்டுற முள்ளு மேல ஏறி நின்னுச்சு, பாத்தேன். சோலை ஷெட்டு கண்ணுக்கு முன்னாடி இருக்கு. அக்கா சத்தம் போடுவாளேன்னு நிறுத்தல. பச்சத் தண்ணிய ஊத்தி ஹெட்ட ஒடச்சதும் நான். எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம் டீச்சர்?" என்றார். மூன்று நாள் கழித்து டீச்சர் என்று கூப்பிட்டது காதில் விழுந்ததும் அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குப் போட்ட காப்பியில் சர்க்கரையை மறந்துவிட்டேன், அவரும் அதை அப்படியே குடித்தார். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை தம்பி, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

உனக்கு நான் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் ஒருவரை ஒருவர் ஆயிரம் தடவை கேட்டுக்கொள்வீர்கள், கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, அம்மாவுக்குக் கடிதம் போட்டாச்சா என்று. ஆச்சு என்று சொல்லாதே. நான் பூட்டினேன் என்று சொல், இல்லாவிட்டால் நான் பூட்டவில்லை என்று சொல். பூட்டவில்லை என்று சொன்னால் ஒரு நிமிடம் திட்டு விழும், எழுந்துபோய்ப் பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். கோபத்தில் யாரையாவது வாசலை மிதிக்காதே என்று சொல்லத் தோன்றினால், முதலில் வீட்டுக்குள் ஒரு தரம் விசாரித்துக்கொள். இது அப்பா எழுதச் சொன்னது.

நேற்று இருவரும் ஒத்தக்கடைக்குப் போனோம். அப்பாதான் ஓட்டினார், பத்திரிகை உறையில் அவரே கைப்பட 'திரு. சோலைமலை, குடும்பத்தினர்' என்று எழுதியிருந்தார். ஷெட்டு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கி, இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டினார். சோலை அண்ணன் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். சோலை அண்ணன் நம் காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி சத்தம் சரியில்லையேங்கய்யா" என்றார்.

"ஆறு வருசமாவே சரியில்ல சோலை" என்றார் உன் அப்பா.

அம்மா